கிளுவை வேலியும் சிலம்பனும்

  

நிலத்திற்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என எட்டினைச் சுட்டுகின்றார். சுட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. இவை போல்வன பிறவும் கருப்பொருளாகக் கொள்ளத்தக்கனவே என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்துச் சென்றார். பின்வந்தோர் அந்தப் பட்டியலை நிலந்தோறும் நிரப்பினர். முல்லை நிலத்துப் புள் யாது என்ற வினாவிற்குக் கானக்கோழி என்பது அவர்கள் தந்த விடை. மாணவர்கள் இன்றளவும் மனப்பாடம் செய்து எழுதும் விடையும் அதுவே. வாயில் திறந்தே கிடக்க, அதன் வழியே புதிதாக ஒரு புள்ளையும் உள்ளே அழைத்துவரத் தமிழ்க்கவிதை பெரிதும் முனையவில்லை. அந்த வாயிலின் முன் நெடுங்காலமாகக் காத்திருக்கும் ஒரு சிறு பறவையைப் பற்றியது இந்த உரை.

அப்பறவையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பூரிலிருந்து காங்கயம் வழியாகத் தாராபுரம் செல்லும் சாலையின் இருமருங்கும் விரிந்து கிடப்பது அதன் நிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை பெறும் சரளை கலந்த செம்மண் பூமி அது. ஆற்றுப்பாசனம் எட்டாத இம்மேட்டு நிலத்தில் கொங்கு வேளாண்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மேய்ச்சல் நிலத்திற்குக் கொரங்காடு என்று பெயர். கொரங்காட்டிற்கு மூன்று உறுப்புகள். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. புல் மாட்டிற்கு. வெள்வேலின் நிழலும் நெற்றும் கோடையில் ஆட்டிற்கும் மாட்டிற்கும். வேலியோ, காங்கயம் காளையையும் பசுவையும் மேய்ப்பவர் துணையின்றியே உள்ளே நிறுத்தி வைக்கும் காவல். நிரை மேய்த்தலை முல்லையின் தொழிலாகக் கூறிய இலக்கணம் இங்கே ஏட்டில் மட்டும் வாழவில்லை. படலைத் திறந்து மாட்டை உள்ளே விடும் ஒவ்வொரு காலைப்பொழுதிலும் வாழ்ந்து வந்திருக்கிறது.

இங்கு ஒரு சொல் கருதத்தக்கது. பொதுவாகக் காடு என்றால் மரமடர்ந்த வனம். கொங்கு மக்கள் பேச்சில் காடு என்பது மானாவாரி நிலத்தையும் குறிக்கும். ‘காட்டுக்குப் போய்விட்டார்’ என்றால் உழவிற்கோ மேய்ச்சலுக்கோ போயிருக்கிறார் என்பதே பொருள். வனமும் விளைநிலமும் இரண்டாகப் பிரிந்து நில்லாத ஒரு வாழ்க்கை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் எது என்று தேடினால், கை வந்து நிற்பது கிளுவை வேலியின்மேல்தான்.

கிளுவை விதைத்து வளர்ப்பதன்று. போத்து வெட்டி நட்டு வளர்ப்பது. கோடையில் இலையனைத்தையும் உதிர்த்துவிட்டுப் பட்டுப்போனது போல் நிற்கும். முதல் மழை விழுந்ததும் முள்ளுக்கு நடுவே பச்சை கட்டும். வேலி முதிர முதிரக் கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் அதன்மேல் ஏறிப் படரும். காரையும் சங்கஞ்செடியும் அதன் காலடியில் தாமே முளைக்கும். நட்டவர் நினைத்தது மாட்டிற்கு ஒரு தடுப்பு. விளைந்ததோ ஒரு நீண்ட, ஒடுங்கிய, முள்ளடர்ந்த புதர்க்காடு. ஒரு காட்டின் வேலி அடுத்த காட்டின் வேலியோடு சேர, அது கல் கணக்கில் தொடர்ந்து ஓடும்.

அந்த ஓட்டத்திற்குள் வாழ்வது மஞ்சள்கண் சிலம்பன். அலகு முதல் வால் முனை வரை அளந்தால் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வால். முதுகு பழுப்பு, சிறகில் இலவங்கப்பட்டையின் செம்மை, தொண்டையும் மார்பும் தூய வெண்மை, அலகு தடித்துக் கறுத்தது. கண் மஞ்சள், அதனைச் சுற்றிக் குங்குமப்பூ நிறத்தில் ஒரு வளையம். மங்கிய நிறங்களாலான உடலில் அந்தக் கண் மட்டும் எரிவதுபோல் தோன்றும். பூச்சிகள், புழுக்கள், சிலந்திகள் இதன் முதன்மையான உணவு. சிறு பழங்களும் பூந்தேனும் துணையுணவு. இணையாகவோ சிறு கூட்டமாகவோ வேலியின் உட்புறமே ஊர்ந்து செல்லும். ஆள் அரவம் கேட்டால் பறந்து ஓடுவதில்லை, வேலிக்குள் இறங்கிவிடும். அவ்வளவுதான், பிறகு அங்கே ஒரு பறவை இருந்தது என்பதற்குச் சான்றே இராது. வேலியோரமாகவே நாள்தோறும் நடந்துசெல்வோரிலும் பலர் இதனைக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் மழைக்காலத்தில் இதன் இயல்பு மாறும். அடங்கி ஒளிந்து திரிந்த சிலம்பன் வேலியின் உச்சிக் கொம்பில் ஏறி வந்து வெட்டவெளியில் அமர்ந்து உரத்த இனிய குரலில் பாடும். பாடி முடித்ததும் கல் விழுந்ததுபோல் மீண்டும் முள்ளுக்குள் மறையும். இந்தியாவின் பெரும்பகுதியில் இதன் கூடுகட்டும் பருவம் மழையை ஒட்டியே, சூன் முதல் செப்டம்பர் வரை அமைகின்றது. கூடு ஒரு நுண்மையான கலைப்பொருள். புல்லிழைகளையும் நார்களையும் கொண்டு ஆழமான கிண்ணமாகப் பின்னி, நிமிர்ந்து நிற்கும் சில தண்டுகளுக்கிடையே பிணைத்து, வெளிப்புறம் முழுவதும் சிலந்தி நூலால் பூசி மெழுகிவிடும். அதனுள் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெண்முட்டைகள், செம்புள்ளிகள் நெருங்கப் பெற்று, நான்கைந்து இருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஏறக்குறைய பதினைந்து நாள் அடைகாத்தல். பின் பதின்மூன்று நாள் அளவில் குஞ்சுகள் கூட்டை விட்டிறங்கும். ஒரு மாதம் அந்த வேலி அசையாமல் நிற்க வேண்டும். அப்பறவை இவ்வுலகிடம் வேண்டுவது அவ்வளவே.

முல்லைக்குப் பெரும்பொழுது கார், உரிப்பொருள் இருத்தல். கார் வரும்வரை முள்ளுக்குள் அடங்கியிருந்து, கார் வந்ததும் குரல் எழுப்பி இல்லறம் தொடங்கும் ஒரு பறவை முல்லைக்குப் பொருந்துமா என்று எவரும் விளக்க வேண்டுவதில்லை. இலக்கணம் கூறிய பொழுதும் ஒழுக்கமும் இப்பறவையின் வாழ்வில் ஒருங்கே அமைந்து கிடக்கின்றன. எனினும் பட்டியலில் இதற்கு இடமில்லை.

ஏன் இடமில்லை? சங்கப் புலவர்கள் பறவைகளை அறியாதவர்கள் அல்லர். அன்றில், மகன்றில், குருகு, நாரை, எழால், கணந்துள், குறும்பூழ், இதல், சிரல் என்று அவர்கள் அறிந்த புள்ளினம் பெரிது. பி. எல். சாமி அவர்கள் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் அவற்றை இன்றைய விலங்கியலோடு பொருத்திக் காட்டியிருக்கின்றார். இதலும் குறும்பூழும் மறைந்து வாழும் சிறு புட்களே. எனவே சிறுமையோ மறைவோ மட்டும் தடையாக இருந்திருக்க முடியாது. பெயர் வழங்காத ஒன்றைப் பாட்டில் வைக்க இயலாது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. உண்ணப்படும் பறவைக்கும் நிமித்தம் கூறும் பறவைக்கும் பெயர் எளிதில் அமைந்துவிடும். எதற்கும் பயன்படாமல், எவர்க்கும் இடையூறாகாமல், வேலிக்குள்ளேயே பிறந்து வேலிக்குள்ளேயே மடியும் பறவைக்குப் பெயர் அமைவது அரிது.

இன்று அதற்கும் ஒரு நல்ல பெயர் அமைந்திருக்கிறது. தவிட்டுக்குருவி என ஊரார் அழைக்கும் பறவையின் கூட்டத்திற்குப் பறவையியல் எழுதுவோர் சிலம்பன் என்னும் பொதுப்பெயரை வழங்கினர். சிலம்புதல் என்றால் ஒலித்தல், எதிரொலித்தல். ஓயாது ஒலி எழுப்பிக்கொண்டே இரை தேடும் பறவைகளுக்கு இதனினும் பொருத்தமான சொல் வாய்ப்பது கடினம். தமிழறிந்தார்க்கு இச்சொல்லில் இன்னொரு சுவையும் உண்டு. சிலம்பு என்றால் மலை. ஆகவே குறிஞ்சித் தலைவனுக்குச் சிலம்பன் என்பது பெயர். மலைநாட்டுத் தலைவனின் பெயரைத் தாங்கிக்கொண்டு மேட்டாங்காட்டு வேலியில் ஒரு சிறு பறவை திரிகின்றது. நூலறிவும் களத்தறிவும் ஒன்றுகூடினால்தான் இத்தகைய சொற்கள் பிறக்கும். கோவையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. ரத்னம் அவர்கள் மக்கள் வழக்கிலிருந்த பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்ததையும், மா. கிருஷ்ணன் அவர்கள் கானுயிர் பற்றி நேரிற் கண்டு தமிழில் எழுதியதையும் இவ்விடத்தில் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இனி, வேலி.

1920களில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வேர் கொண்டது. 1980களிலிருந்து ஏற்றுமதி பெருகப் பெருக, ஊர் நகரமாகி, 2009இல் மாவட்டத் தலைநகராகவும் ஆயிற்று. வறண்ட பூமியில் பிறந்தோர்க்கும், தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர்க்கும் இந்நகரம் சோறிட்டது. இதனை மறந்து பேசுவது நன்றியன்று. அதற்கு ஈடாக நொய்யல் தந்த விலையும் எல்லோரும் அறிந்ததே. 1992இல் பாசனத்திற்கெனத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இத்துயரைத் தமிழிலக்கியம் பதிவு செய்யத் தவறவில்லை; சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ ஒன்றே போதிய சான்று. ஆற்றின் அழிவு கண்ணுக்குத் தெரிவது. நீர் நிறம் மாறியது, நுரைத்தது, நாறியது. ஆகவே வழக்கு எழுந்தது, கதை எழுந்தது, கவிதையும் எழுந்தது.

வேலியின் அழிவிற்கு நிறமில்லை, நாற்றமில்லை. கொரங்காடு மனையிடமாகப் பிரிகிறது. எல்லைக்கல் நடப்படுகிறது. பொக்லைன் எந்திரம் வந்தால் மூன்று தலைமுறை வளர்த்த வேலி ஒரு முற்பகலில் வேரோடு பெயர்ந்து ஒரு குவியலாகிறது. மாலையில் அக்குவியலுக்குத் தீ வைக்கிறார்கள். மறுவாரம் அங்கே கம்பிவலையோ சுற்றுச்சுவரோ நிற்கிறது. சில இடங்களில் பழைய வேலியின் எச்சம் இரண்டு பனியன் நிறுவனங்களுக்கு நடுவே துண்டாக நிற்கும். காற்றில் வந்த வெட்டுத்துணியும் நூற்கழிவும் அதன் முள்ளில் தொங்கும். தொடர்ச்சி அறுந்த அந்தத் துண்டிலிருந்து அடுத்த துண்டிற்கு, வெட்டவெளியைக் கடந்து செல்லும் துணிவு இச்சிறு பறவைக்கு எளிதில் வராது.

இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட இயலாது. நிலத்தடி நீர் கெட்டு, மேய்க்க ஆளின்றி, பிள்ளைகள் நகரத்தில் வேலைக்கமர்ந்த பின் காட்டை விற்ற உழவர் செய்தது பிழை என்று எவர் சொல்ல முடியும்? அந்த மனையில் எழுந்த வரிசை வீட்டில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் தையற்காரப் பெண்ணிடம் பறவையின் துயரைச் சொல்வது எவ்வகையில் அறம்? நிலம் பங்கிடப்படுவதன் கொடுமையை இம்மண்ணின் படைப்பாளர் ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ புதினத்தில் மனிதர்களை வைத்துக் காட்டிவிட்டார். வேலிக்குள் வாழ்வனவற்றின் பங்கு எங்கே என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் நின்றது.

அரசின் சொல்லகராதியிலும் அப்பங்கிற்கு இடமில்லை. நடுவணரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுதியில் அடர்புதர் நிலமும் தரிசின் ஒரு வகையாகவே கணக்கிடப்படுகின்றது. புறவு என்று முல்லை நிலத்தைக் குறித்த மொழி தமிழ். அதே சொல் ஒரு பறவைக்கும் பெயராக நின்றது. நிலத்தையும் புள்ளையும் ஒரே ஒலியால் அழைத்த மொழியின் மக்கள், அந்நிலத்தைப் பயனற்றது என்ற பொருள்படும் சொல்லால் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். பெயர் மாறினால் நிலத்தின் விதியும் மாறும். தரிசு என்று எழுதப்பட்ட இடத்தை அழிப்பதற்கு எவர் உள்ளமும் உறுத்துவதில்லை.

நீர்ப்பறவைகளுக்கு இந்நிலை இல்லை. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகத்து மாதத்தில் ராம்சர் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 126 எக்டேர் பரப்புடைய அக்குளத்தில் வலசை வரும் பறவைகளைக் காணக் குழந்தைகள் வரிசையில் நிற்கின்றனர். போற்றத்தக்க வெற்றி அது. அதனோடு ஓர் உண்மையும் புலனாகின்றது. வெட்டவெளியில் கூட்டமாக நின்று காட்சி தரும் பறவைக்குக் காவல் கிடைக்கின்றது. ஒளிந்து வாழ்வதற்குக் கிடைப்பதில்லை.

மற்றோர் உண்மையையும் மறைத்தலாகாது. மஞ்சள்கண் சிலம்பன் உலகிலிருந்து மறைந்துகொண்டிருக்கும் பறவை அன்று. பாகிஸ்தான் தொடங்கித் தென்சீனமும் தென்கிழக்காசியாவும் வரை அது பரவி வாழ்கின்றது. அருகிவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் அதற்குக் கவலைப்படத்தக்க நிலை ஏதும் குறிக்கப்படவில்லை. எனவே அதன்பொருட்டுச் சட்டம் வராது, நிதி ஒதுக்கப்படாது, செய்தித்தாளில் தலைப்பும் வராது. அப்படியானால் இழப்பு என்று எதனைச் சொல்வது? ஒரு பறவை உலகிலிருந்து அழிவது ஒன்று. ஓர் ஊரிலிருந்து நீங்குவது வேறொன்று. முன்னதை அறிவியல் கணக்கெடுத்து வைக்கும். பின்னதை எடுத்து வைக்க ஒரு பேரேடு இல்லை. இன்ன ஊரில், இன்ன காட்டு வேலியில், இன்ன மாதத்து முதல் மழைக்குப் பின் இப்படி ஒரு குரல் கேட்டது என்று எழுதி வைக்கக்கூடிய ஏடு ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கவிதை என்று பெயர். சங்கப் பாடல்கள் செய்ததும் அதுவே. புலவர் ஒருவர் பெயர் சொல்லிப் பாடியமையால்தான் கணந்துள் என்ற பறவை இன்றும் தமிழில் இருக்கின்றது.

கவிஞர் பெருமக்களே! 1971இல் கோவை மண்ணிலிருந்து எழுந்த ஒரு கவிதை இயக்கம் தனக்கு ஒரு பறவையின் பெயரையே சூட்டிக்கொண்டது. புவியரசு, சிற்பி, ஞானி முதலியோர் இணைந்து நின்ற ‘வானம்பாடி’ அது. வானம்பாடியும் இதே மேட்டாங்காட்டுப் பறவைதான், தரையில் கூடு கட்டும், பாடும்போது மேலெழும். ஊரெல்லாம் கேட்க வேண்டிய செய்தி ஒன்று அக்கவிஞர்களிடம் இருந்தது. ஆகவே உயர எழுந்து பாடும் பறவையை அவர்கள் தேர்ந்தது முறையே. அவ்வியக்கம் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இக்காலக் கவிதைகளில் பறவை நிறையவே பறக்கின்றது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் அது வெறும் ‘ஒரு பறவை’. அதற்கு நிறமில்லை, அலகில்லை, இரையில்லை, கூடில்லை. விடுதலை என்ற கருத்துக்குச் சிறகு தேவைப்பட்டபோது ஒட்டப்பட்ட படம் அது. கருத்தின் பொருட்டு அழைக்கப்பட்ட பறவை கருத்து முடிந்ததும் போய்விடும். நிலத்தின் பொருட்டு அழைக்கப்பட்ட பறவையே கருப்பொருளாகும்.

கருப்பொருள் என்ற சொல்லில் உள்ள கரு என்பதற்கு அடிப்படை என்றும், பிறப்பிற்குரியது என்றும் பொருள் கொள்ளலாம். அது தலைவன் தலைவியர்க்குப் பின்னே தொங்கவிடும் திரைச்சீலை அன்று. புள்ளும் மரமும் பொய்யானால் அவற்றின்மேல் நிற்கும் உரிப்பொருளும் பொய்யாகும் என்பதே திணைக்கோட்பாட்டின் உள்ளீடு. பின்னலாடை நகரத்துக் கவிஞர் ஒருவர் இரவுப்பணி முடிந்து வரும் பெண்ணின் களைப்பைப் பாடும்போது, அவள் நடந்து வரும் வழியில் எஞ்சியிருக்கும் வேலியையும், அதிலிருந்து விடியலில் எழும் குரலையும் பெயரோடு சொல்வாராயின், அப்பெண்ணின் துயர் அதனால் சிறுத்துவிடாது. அவள் நடக்கும் மண் எதுவென்று தெரியும். அவ்வளவில் அத்துயருக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

அதற்கு முதற்படி எளியது. கார் காலத்தில் ஒரு விடியற்காலையில் எஞ்சியிருக்கும் ஒரு கிளுவை வேலியின் அருகே அரைமணி நேரம் அசையாது நிற்க வேண்டும். பறவை உடனே வராது. வந்தாலும் கண் சிமிட்டும் நேரமே வெளியில் இருக்கும். ஒரு வேலியின் ஓரத்தில் சும்மா இருக்கத் தெரிவதும் முல்லையின் இருத்தலே. அவ்வாறு நின்று கண்டவர் எழுதும் வரியில் பறவை என்ற பொதுச்சொல் தானே உதிர்ந்து, சிலம்பன் என்ற பெயர் வந்து அமரும்.

இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும் காலத்தில், காங்கயம் சாலையில் எத்தனை கிளுவை வேலிகள் நிற்கும் என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. வேலி நின்றால் அப்பாட்டு அதனருகே நின்று படித்து மகிழத்தக்கதாக இருக்கும். வேலி நில்லாது போனால், இங்கே இப்படியொரு முல்லை இருந்தது என்பதற்கு அப்பாட்டே சான்றாக நிற்கும். எவ்வாறாயினும் அதனை எழுதுவதற்குரிய காலம் இது. தொல்காப்பியர் திறந்து வைத்த வாயில் இன்னும் அடைபடவில்லை.